பவரும் வேண்டும், பந்து கோட்டுக்குள்ளும் விழ வேண்டும்: முதல் டென்னிஸ் ராக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டென்னிஸ் ராக்கெட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "பவர் வேணுமா, கன்ட்ரோல் வேணுமா?" என்றுதான். ஆடத் தொடங்கிச் சில மாதம்கூட ஆகாத ஒருவர் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இரண்டும் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள், அது பேராசை இல்லை. இன்றைய ராக்கெட்டுகளில் இரண்டும் ஓரளவு சேர்ந்தே கிடைக்கின்றன. எது எவ்வளவு என்பதில் பாதியை ஃபிரேம் தீர்மானிக்கிறது, மீதியை அதில் போடும் ஸ்ட்ரிங் தீர்மானிக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஃபிரேமுக்காக வாரக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டு, ஸ்ட்ரிங் விஷயத்தில் மட்டும் "ஏதாவது நல்லதா போட்டுக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவசரமாக இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர், உடல்நிலை சாதாரணம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆடப் போகிறீர்கள் என்றால்: தலைப் பகுதி 100 சதுர அங்குலம், ஸ்ட்ரிங் இல்லாமல் எடை 280 முதல் 300 கிராம், நீளம் 27 அங்குலம், ஸ்ட்ரிங் அமைப்பு 16x19, முழு கிராஃபைட் ஃபிரேம். அதில் நைலான் வகை ஸ்ட்ரிங், 52 பவுண்டு இழுவிசை (ஸ்ட்ரிங்கை இழுத்துக் கட்டும் இறுக்கம்). இதை வாங்கினால் தப்பே வராது என்று சொல்லலாம். ஏன் இப்படி, யார் இதிலிருந்து எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பதுதான் மீதிக் கட்டுரை.

பவர் எங்கிருந்து வருகிறது?

பந்து ஸ்ட்ரிங்கின் மேல் இருக்கும் நேரம் சுமார் 5 மில்லி விநாடிதான். அந்த நேரத்துக்குள் பந்து நசுங்குகிறது, ஸ்ட்ரிங் பின்னால் போய் வருகிறது, ஃபிரேமும் கொஞ்சம் வளைகிறது. ஸ்ட்ரிங் தான் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். பந்து அப்படிக் கொடுக்காது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினமான தரையில் போடும் பந்து சுமார் 135 முதல் 147 செ.மீ. வரைதான் எழும்ப வேண்டும். அதாவது நசுங்கி நிமிர்வதிலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவான ஆற்றல் காணாமல் போகிறது. ஃபிரேம் வளைவதில் போகும் ஆற்றலும் பயன்படாது, ஏனென்றால் அது நிமிர்வதற்குள் பந்து கிளம்பிவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. ஃபிரேம் வளையாமல் விறைப்பாக இருந்தால் ஆற்றல் இழப்பு குறைவு, பவர் அதிகம். ஸ்ட்ரிங் தளர்வாக இருந்தால் பந்து நசுங்குவது குறைந்து ஸ்ட்ரிங் அதிகம் நீளும், அப்போதும் பந்து ஆழமாகப் போகும். வளையும் ஃபிரேம், இறுக்கமான ஸ்ட்ரிங் என்றால் நேர்மாறு: நீங்கள் எவ்வளவு வீசுகிறீர்களோ அவ்வளவுதான் பந்து போகும். வீச்சு முழுமையாக இருப்பவருக்கு அது கன்ட்ரோல். வீச்சு இன்னும் உருவாகாதவருக்குப் பந்து வலையைத் தாண்டவே கஷ்டம்.

கன்ட்ரோல் என்பது இரண்டு விஷயம்

ஒன்று ஆழம், அதாவது பந்து பின்கோட்டுக்குள் விழுகிறதா, வெளியே போகிறதா என்பது. இன்னொன்று திசை. புதியவர்களுக்கு உண்மையான தொந்தரவு இரண்டாவதுதான். பந்து ஸ்ட்ரிங்கின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் ராக்கெட் கைக்குள் திருகிக்கொள்ளும், நேராக அடித்த பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும். இந்தத் திருகலைக் குறைப்பதற்கு அகலமான தலைதான் மருந்து.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கர். பனிச்சறுக்குப் பலகைகள் செய்து பெயர் வாங்கியவர், வயதான பிறகு டென்னிஸ் கற்க வந்தார், ஆட்டம் வரவில்லை. ராக்கெட் கையில் திருகுவதுதான் பிரச்சினை என்று பார்த்து, எடையை நடு அச்சிலிருந்து தள்ளி வைத்தால் திருகல் குறையும் என்று கணக்குப் போட்டு, 1976இல் பிரின்ஸ் நிறுவனத்தின் மூலம் 110 சதுர அங்குல ராக்கெட்டைக் கொண்டுவந்தார். அப்போது எல்லோர் கையிலும் இருந்த மர ராக்கெட்டுகளின் தலை 65, 70 சதுர அங்குலம்தான். இரண்டு வருடத்தில், 1978 அமெரிக்க ஓப்பனில், 16 வயது பாம் ஷ்ரைவர் அந்தப் பெரிய ராக்கெட்டோடு இறுதிப்போட்டி வரை வந்தார். கடைசி வரை யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான்: பெரிய தலை உருவானதே கன்ட்ரோலுக்காக. "சின்னத் தலை என்றால் கன்ட்ரோல்" என்று இன்று சொல்கிறார்களே, அது ஒவ்வொரு பந்தையும் நடுவில் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

பீட் சாம்ப்ராஸ் 85 சதுர அங்குல ராக்கெட்டில் ஆடினார், உண்மை. ஆனால் பல வருடம் 90இல் ஆடிய ரோஜர் ஃபெடரரே 2014இல் 97க்கு மாறினார். நடால் ஆடியது 100இல், அல்காரஸின் ராக்கெட் 98. அவர்களே அகலம் தேடுகிறார்கள் என்றால் நாம் 95ஐ ஏன் தேட வேண்டும்?

முதல் படி: தலையின் அளவு

100இல் தொடங்குங்கள். ஐம்பது வயதைத் தாண்டித் தொடங்குபவர், இரட்டையர் மட்டும் ஆடுபவர், தோள்வலி இருப்பவர் 102 முதல் 107 வரை போகலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. வேறு ஆட்டத்திலிருந்து வருபவர், குறிப்பாகப் பல வருடம் பேட்மின்டனோ ஸ்குவாஷோ ஆடிக் கண்ணும் கையும் ஒத்துழைப்பவர், 98ஐ முயன்று பார்க்கலாம். 110க்கு மேலே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வகை பெரும்பாலும் மிகக் குறைந்த எடையும் கனமான தலையுமாக வரும், குட்டையான வீச்சுக்கு ஏற்றது. அதில் பழகிவிட்டால் முழு வீச்சு வீசவே பயம் வரும், வீசினால் பந்து வேலிக்குப் போகும்.

இரண்டாவது படி: எடை, சமநிலை, சுழல் எடை

ராக்கெட்டில் எழுதியிருக்கும் எடை பொதுவாக ஸ்ட்ரிங் இல்லாத எடை. ஸ்ட்ரிங் போட்டால் 15 முதல் 18 கிராம் கூடும், மேல்கிரிப் (பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றினால் இன்னும் ஐந்து கிராம். 300 என்று எழுதியிருப்பது கையில் 320 ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இலேசான ராக்கெட் என்றால் சுலபம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கடையில் தூக்கிப் பார்க்கும்போது அது சரிதான். கோர்ட்டில் எதிராளி பலமாக அடித்த பந்து வரும்போது 250 கிராம் ராக்கெட் பின்னால் தள்ளப்படும், அந்த அதிர்ச்சி முழுக்க முழங்கைக்குப் போகும். எடைதான் பந்தைத் தாங்குகிறது. மறுபக்கம், கையால் சமாளிக்க முடியாத எடை என்றால் வீச்சு தாமதமாகும், பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் சந்திப்பீர்கள், கன்ட்ரோல் அங்கேயே போய்விடும். எடை சரியா என்று தெரிய ஒரு மணி நேரம் ஆடுங்கள், கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் கவனியுங்கள். முதலில் முன்னால் சந்தித்த பந்தை இப்போது பின்னால் சந்திக்கிறீர்கள் என்றால் பத்துப் பதினைந்து கிராம் குறைத்துப் பாருங்கள்.

எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சுத்தியலைப் பிடியில் பிடித்து ஆட்டுவதற்கும் இரும்புப் பக்கம் பிடித்து ஆட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். இதற்குச் சமநிலைப் புள்ளி என்று ஓர் அளவு உண்டு. 27 அங்குல ராக்கெட்டின் சரிபாதி அடியிலிருந்து சுமார் 34.3 செ.மீ. வீட்டிலேயே ஓர் அளவுகோலின் விளிம்பில் ராக்கெட்டைக் குறுக்காக வைத்து, எங்கே சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். 32, 33 செ.மீ. என்றால் எடை கைப்பக்கம், சுழற்ற எளிது. 35க்கு மேல் என்றால் தலை கனம், பவர் கூடும், வலையோரம் வாலி (பந்து தரையில் படுமுன் அடிப்பது) ஆடுவது சிரமம். 300 கிராம் ராக்கெட்டுகள் பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாமல் 32 செ.மீ. அருகில் இருக்கும், அது நல்ல இடம்.

சுழல் எடை என்று இன்னொரு எண்ணையும் இணையத்தில் பார்ப்பீர்கள். வீசும்போது எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு அது, கிராமில் சொல்லும் எடை இல்லை. ஸ்ட்ரிங் போட்ட நிலையில் 300 முதல் 320 வரை புதியவருக்குப் போதும். 330ஐத் தாண்டினால் கை தயாராக வேண்டும். இரண்டு ராக்கெட் ஒரே எடையாக இருந்தும் ஒன்று இலகுவாகவும் இன்னொன்று மந்தமாகவும் தெரிந்தால் காரணம் இந்த எண்தான்.

மூன்றாவது படி: விறைப்பு

ஆர்.ஏ. என்ற எண்ணில் சொல்வார்கள். 60க்குக் கீழே இருந்தால் வளையும், 68க்கு மேலே இருந்தால் விறைப்பு. ஃபிரேமின் பக்கவாட்டுத் தடிமனைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம்: 20, 21 மி.மீ. மெல்லியது, கன்ட்ரோல் பக்கம். 25, 26 மி.மீ. தடிமன், பவர் பக்கம். பாபோலாட் பியூர் டிரைவ் 1994இல் வந்ததிலிருந்து பவர் ராக்கெட்டுக்கு அடையாளமாக இருக்கிறது. 100 சதுர அங்குலம், 300 கிராம், ஃபிரேம் நடுவில் 26 மி.மீ. வில்சன் பிளேடு 98 அதற்கு எதிர்ப்பக்கம்: மெல்லிய ஃபிரேம், நன்றாக வளையும். 2019இல் வந்த வில்சன் கிளாஷ் 100 இன்னும் மென்மை, முழங்கைப் பிரச்சினை உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வகை. நடுவில் ஹெட் ஸ்பீடு எம்பி, யோனெக்ஸ் ஈஸோன் 100 போன்றவை வரும். புதிதாக வாங்குபவர் இந்த நடுவரிசையில் எதை எடுத்தாலும் சரி. இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி உங்களுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் பொருள்படும்.

பிடித்த வீரர் எதை வைத்திருக்கிறார் என்று பார்த்து வாங்காதீர்கள். முன்னணி வீரர்கள் பலர் கையில் இருப்பது கடையில் விற்கும் அதே ராக்கெட் இல்லை. வெளிப்பூச்சு புது மாடலுடையது, உள்ளே இருப்பது அவர்கள் பல வருடமாக ஆடும் பழைய அச்சு, அதில் ஈயம் சேர்த்து எடையும் கூட்டியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டுப் பொருள் கடைகளில் தொங்கும் மலிவான அலுமினிய ராக்கெட்டுகளில் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். விடுமுறையில் குழந்தையோடு தட்டி விளையாட அது போதும். பயிற்சிக்குப் போகிறவர் அதில் பணம் போடாமல், நல்ல கிராஃபைட் ராக்கெட்டின் முந்தைய வருட மாடலைத் தேடுங்கள். புது மாடல் வந்ததும் பழையதன் விலை நன்றாக இறங்கும், ஆட்டத்தில் வித்தியாசம் தெரியாது. பயன்படுத்திய ராக்கெட் வாங்கினால் தலையின் உச்சியிலும் ஸ்ட்ரிங் துளைகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது படி: 16x19 அல்லது 18x20

செங்குத்தாக 16, குறுக்காக 19 என்றால் இடைவெளி அதிகம். ஸ்ட்ரிங் நகர்ந்து திரும்பும், பந்து சுழலும், சற்று உயரமாகக் கிளம்பும். 18x20 நெருக்கமானது, பந்து தாழ்வாக ஒரே கோணத்தில் போகும், ஸ்ட்ரிங்கும் நீண்ட நாள் வரும். புதியவர் 16x19 எடுப்பதற்குச் சுழற்சிதான் காரணம். வலையின் நடு உயரம் 91.4 செ.மீ., கோர்ட்டின் மொத்த நீளம் 23.77 மீட்டர். தட்டையாக அடிக்கும் பந்துக்கு வலைக்கும் பின்கோட்டுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். மேல்சுழற்சி கொடுத்த பந்து, அதாவது முன்னோக்கி உருண்டுகொண்டே போகும் பந்து, வலைக்கு ஒரு மீட்டர் மேலே போனாலும் வளைந்து உள்ளே இறங்கும். பவரையும் கன்ட்ரோலையும் எதிரெதிராக வைத்துப் பேசிய காலம் மாறியதே இதனால்தான்: விறைப்பான ஃபிரேமில் பலமாக வீசு, பந்தைக் கீழே கொண்டுவரும் வேலையைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். 1997இல் குஸ்தாவோ குயெர்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு பிரெஞ்சு ஓப்பன் வென்ற பிறகு அந்த ஆட்டம்தான் உலகம் முழுக்கப் பரவியது.

ஐந்தாவது படி: பிடியின் அளவு

எல்1 என்றால் 4 1/8 அங்குலச் சுற்றளவு, எல்2 என்றால் 4 1/4, எல்3 என்றால் 4 3/8, இப்படிப் போகும். ராக்கெட்டை ஃபோர்ஹேண்ட் பிடியில் பிடித்து, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் சுட்டுவிரலை வைத்துப் பாருங்கள். விரல் சரியாக அடங்கினால் பொருத்தம். இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் சின்னதை எடுங்கள், மேல்கிரிப் சுற்றி ஏறக்குறைய அரை அளவு கூட்டலாம். பெரியதைச் சின்னதாக்குவது கஷ்டம். வியர்வை அதிகம் வரும் கை என்றால் ஒட்டும் வகை மேல்கிரிப்பைவிட உலர் வகை நல்லது. நம் ஊர் வெயிலில் இதை அடிக்கடி மாற்றுங்கள், வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடித்தே பலருக்கு முன்கை வலி வருகிறது.

ஆறாவது படி: ஸ்ட்ரிங், இங்கே நேரம் செலவழியுங்கள்

மூன்று வகை தெரிந்தால் போதும். சிந்தெடிக் கட் என்று விற்கும் நைலான் மலிவு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தரும், முதல் ஸ்ட்ரிங்குக்கு இதுவே. மல்டிஃபிலமென்ட் என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளைச் சேர்த்தது. மென்மை, பவர், முழங்கைக்கு இதம், விலை கூடுதல், சீக்கிரம் நைந்துபோகும். மூன்றாவது பாலியெஸ்டர். விறைப்பானது, பவர் குறைவு, வேகமான வீச்சோடு சேர்ந்தால் அபாரமான சுழற்சி.

புதியவருக்குப் பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "புரோ எல்லாம் இதுதான் போடறாங்க" என்று சொல்லி முதல் ராக்கெட்டிலேயே இதைப் போட்டுக் கொடுப்பது சாதாரணமாக நடக்கிறது. வேகமாக வீசாதவருக்கு அதன் சுழற்சி கிடைக்காது, விறைப்பு மட்டும் கைக்குக் கிடைக்கும். தவிர, அது அறுவதற்கு முன்பே செத்துவிடும்: சில வாரத்தில் இழுவிசை இறங்கி, மீள்தன்மை போய், பலகை போல ஆகிவிடும். வீரர்கள் ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாகப் போடுகிறார்கள், நாம் அறும்வரை மாதக்கணக்கில் அதிலேயே ஆடுவோம். நைலான் மாதம் ஒருமுறை அறுந்துபோகும் அளவுக்கு உங்கள் வீச்சு வளர்ந்ததும் பாலியெஸ்டரை யோசியுங்கள், அப்போதும் செங்குத்தில் பாலியெஸ்டர், குறுக்கில் நைலான் என்று கலந்து போடலாம்.

இழுவிசை ராக்கெட்டின் உட்பக்கத்தில் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 50 முதல் 60 பவுண்டு என்று. நடுவிலிருந்து சற்றுக் கீழே தொடங்குங்கள், 52 அல்லது 53. கிலோவில் கேட்டால் 23.5, 24. பாலியெஸ்டர் என்றால் இதில் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். 1.30 மி.மீ. தடிமன் நீடித்து உழைக்கும், 1.25 கொஞ்சம் உயிரோட்டமாக இருக்கும். போட்ட தேதி, வகை, பவுண்டு மூன்றையும் ஒரு சின்னத் தாளில் எழுதிக் கழுத்துப் பகுதியில் ஒட்டி வையுங்கள், அடுத்த முறை மாற்றும்போது எதிலிருந்து மாற்றுகிறோம் என்று தெரிய வேண்டும்.

மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் ராக்கெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் இழுவிசை மளமளவென்று இறங்கும். அப்புறம், ஸ்ட்ரிங்கில் செருகும் அந்தச் சின்ன ரப்பர் துண்டு சத்தத்தை மாற்றும், அவ்வளவுதான். முழங்கை வலிக்கு அது மருந்து இல்லை.

ஏழாவது படி: ஆடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சில கடைகளும் பயிற்சி மையங்களும் ஆடிப் பார்க்க ராக்கெட் தருவார்கள். இல்லையென்றால் கோர்ட்டில் கூட ஆடுபவர்களிடம் கேளுங்கள், டென்னிஸ் ஆடுபவர்கள் தங்கள் ராக்கெட்டைப் பற்றிப் பேசக் காத்திருப்பவர்கள், தராமல் இருக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் அடித்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி, சர்வ் நான்கையும் அடியுங்கள். சிறப்பாக விழுந்த பந்துகளை மறந்துவிட்டு, தப்பாக அடித்த பந்துகள் எங்கே போயின என்று மட்டும் பாருங்கள். ஓரத்தில் பட்டும் பந்து வலையைத் தாண்டி உள்ளே விழுகிறது என்றால் அதுதான் உங்களுக்கான ராக்கெட்.

வாங்கிய பிறகு சரிசெய்வது

ஒரு மாதம் ஆடுங்கள். முழு வீச்சில் அடித்த பந்துகள் தொடர்ந்து பின்கோட்டைத் தாண்டினால் அடுத்த ஸ்ட்ரிங்கில் 2 பவுண்டு கூட்டுங்கள். எல்லாம் நடுக்கோர்ட்டிலேயே விழுந்தால், அல்லது வலையில் மாட்டினால், 2 பவுண்டு குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஸ்ட்ரிங் வகையையும் இழுவிசையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ வருடத்துக்கு அத்தனை முறை ஸ்ட்ரிங் மாற்றுவது பழைய கணக்கு, அதுவே குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் போதவில்லை என்றால் ஈயப் பட்டி இருக்கிறது. தலையின் உச்சியில் 1 கிராம் ஒட்டினால் சுழல் எடை 3க்கு மேல் கூடும், பவர் வரும். அதே கிராமைக் கடிகாரத்தின் 3, 9 இருக்கும் பக்கங்களில் பிரித்து ஒட்டினால் கூடுவது கிட்டத்தட்ட 2தான், ஆனால் திருகல் குறையும், வாலி உறுதியாகும். பக்கத்துக்கு 1 கிராமில் தொடங்குங்கள், இரண்டு வாரம் ஆடிவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் உரித்துவிடலாம்.